வேலூர் வெயிலில் குவாட் பைக் தானாகத் தீப்பிடிக்குமா?

ஒடுகத்தூர் பக்கம் பண்ணை வீடு வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். வார இறுதியில் வரும் விருந்தினர் ஓட்டுவதற்காக 250 சிசி குவாட் பைக், அதாவது நாலு சக்கர பைக், இரண்டைப் பழசாக வாங்கியிருக்கிறார். இரவில் பம்ப்செட் மோட்டார் கொட்டகையில் நிறுத்துகிறார். காலையில் கதவைத் திறந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதாம். விற்றவரைக் கேட்டால் "குவாட்னா அப்படித்தான் சார், ஒண்ணும் ஆவாது" என்கிறாராம். கத்திரி வெயிலில் வண்டி தானாகப் பற்றிக்கொள்ளுமா, ஒரு தீயணைப்பான் வாங்கி மாட்டிவிட்டால் போதுமா என்பதுதான் கேள்வி. பழியை வெயில் மேல் போட்டுக் கேட்டிருக்கிறார். ஆனால் அவருக்கு உறுத்துவது அந்த வாடைதான் என்று நினைக்கிறேன். உறுத்த வேண்டியதும் அதுவே.

நான் காட்பாடியில் பட்டறை வைத்திருப்பவன். பத்தொன்பது வருடமாக டூ வீலர் வேலை, கடைசி ஏழெட்டு வருடமாக இந்த நாலு சக்கர பைக்குகளும் வருகின்றன. கார்பரேட்டர் வண்டிகள் எனக்குக் கைப்பழக்கம். இஞ்செக்டர் வண்டியில் குழாய், ஒயர், சைலன்சர் வரைக்கும் துணிந்து சொல்வேன், உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸைப் பற்றிப் பேசமாட்டேன். உங்கள் வண்டியை நான் நேரில் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் வெயில். வேலூரில் 42, 43 டிகிரி அடிக்கலாம். அந்த வெயிலில் நிற்கும் கறுப்பு சீட்டில் உட்கார்ந்தால் தொடை வெந்துபோகும். அப்படியும் அது எழுபது எண்பது டிகிரிக்குள் அடங்கிவிடும். வண்டியில் இருக்கும் எந்தப் பொருளும் அந்தச் சூட்டில் தானாகப் பற்றாது. பெட்ரோல் தானாகப் பற்ற 250 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே வெயில் கொளுத்திவிடுமா என்றால், இல்லை. ஆனால் வெயில் வேறு வேலைகளைச் செய்கிறது. ரப்பர் குழாயைக் காயவைத்து வெடிக்கவைக்கிறது. விளிம்பு வரை நிரப்பிய டேங்கில் பெட்ரோலை உப்பவைக்கிறது. பத்து லிட்டர் பெட்ரோல் இருபது டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 200 மில்லி கூடும், அது மூடியின் காற்றுத் துளை வழியாகத்தான் வெளியே வரும். கழுத்துக்குக் கீழே இரண்டு விரல் இடம் விட்டு நிரப்புங்கள் என்று சொல்வது இதனால்தான்.

பெட்ரோல் எப்படிப் பற்றுகிறது என்பதில் பல மெக்கானிக்குகளுக்கே ஒரு தவறான எண்ணம் உண்டு. சூடான சைலன்சரில் ஒரு சொட்டு விழுந்தால் 'குப்'பென்று எரியும் என்பார்கள். திறந்த வெளியில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. விழுந்த சொட்டு சீறி ஆவியாகி, காற்றோடு போய்விடும். புத்தகத்தில் போட்டிருக்கும் டிகிரியைவிட உலோகம் இன்னும் மிக அதிகமாகக் காய்ந்திருந்தால்தான் பற்றும். பெட்ரோலுக்கு வேண்டியது பொறி. ஒரு சுவிட்ச், தளர்ந்த பேட்டரி டெர்மினல், பீடி பற்றவைக்கக் கிழிக்கும் தீக்குச்சி, எது வேண்டுமானாலும் போதும். என்ஜின் ஆயிலும் காய்ந்த புல்லும் அப்படியல்ல. அவை பொறி கேட்பதில்லை, சூடான பைப்பின் மேல் உட்கார்ந்திருந்தாலே போதும். பெட்ரோலுக்குப் பொறி, புல்லுக்கும் ஆயிலுக்கும் சூடு. எந்த இடத்தில் எதைத் தேட வேண்டும் என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் கொட்டகைக்கு வருவோம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தவழ்ந்து மூலையில் தேங்கும். நூறு பங்கு காற்றில் ஒன்றரைப் பங்கு ஆவி இருந்தாலே பற்றிக்கொள்ளும். மைனஸ் நாற்பது டிகிரியிலேயே எரியக்கூடிய ஆவியை விடும் திரவம் அது, ராத்திரி குளிராகத்தானே இருக்கிறது என்ற சமாதானம் அதனிடம் செல்லாது. அதே கொட்டகையில் மோட்டார் ஸ்டார்ட்டர் இருக்கும். நம் பக்கம் பாதிப் பேர் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருப்பார்கள். மும்முனை கரண்ட் நள்ளிரவில் வந்தாலும் ஆள் இல்லாமலே 'டக்'கென்று இழுக்கும். அந்த 'டக்' ஒவ்வொன்றும் பெட்டிக்குள் ஒரு பொறி. பக்கத்திலேயே வைக்கோலும் அடுக்கியிருந்தால் நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால், இன்றைக்கே இரண்டு வண்டிகளையும் அங்கிருந்து தள்ளி வெளியே கொண்டுவாருங்கள். ஸ்டார்ட் பண்ணாமல், தள்ளி.

வாடை எங்கிருந்து வருகிறது? பழைய கார்பரேட்டர் வண்டி என்றால் நான் முதலில் பார்ப்பது பெட்ரோல் டேப். பல வண்டிகளில் அது கையால் மூடுவது. ஓட்டிவிட்டு வந்தவர்கள் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு டேப்பைத் திறந்தபடியே விட்டுவிடுவார்கள். கார்பரேட்டருக்குள் பெட்ரோல் நிறைந்ததும் வழியை அடைக்கும் ஊசிதான் ஃப்ளோட் நீடில், அதில் ஒரு மணல் பருக்கை சிக்கியிருந்தால் இரவு முழுக்க டேங்க் இறங்கிக்கொண்டே இருக்கும். ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகத் தரைக்கு வந்தால் கண்ணில் படும். ஏர் ஃபில்டர் பெட்டிக்கோ என்ஜினுக்கு உள்ளேயோ போனால் படாது. ஆயில் ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை இருந்தாலோ, அளவு கூடியிருந்தாலோ ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

அடுத்தது குழாய். டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை விரலால் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டே போங்கள். வெடிப்பு அநேகமாக மேலே தெரியாது, வளைவின் உட்புறத்தில்தான் இருக்கும். லேசாக மடித்தால் வாயைத் திறந்து காட்டும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023க்கு முன் வந்த, அதிலும் பெயர் தெரியாத இறக்குமதி வண்டிகளின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் சில ரப்பர்களை உப்பவைக்கும், சிலவற்றை விறைக்கவைக்கும். எத்தனை மாதத்தில் என்பது ரப்பரைப் பொறுத்தது. பழைய குவாட் வாங்கினால் முதல் வேலையாகக் குழாயையும் கிளிப்பையும் மாற்றிவிடுங்கள் என்பதே என் பழக்கம். இரண்டு அடி நல்ல குழாய்க்கு ஆகும் செலவு ஒரு வேளை பிரியாணிக்கு ஆகாது. கட்டுக்கம்பியை முறுக்கி கிளிப்பாகப் போட்டிருந்தால் அதையும் கழற்றி எறியுங்கள், அது ரப்பரை அறுக்கும்.

பட்டறைக்காரர்கள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பாஞ்ச் ஏர் ஃபில்டரை பெட்ரோலில் அலசி, பிழிந்து, ஈரத்தோடு திருப்பி மாட்டுவது. நானும் தொழில் கற்ற நாளில் செய்தவன்தான். என்ஜின் ஒரு தடவை பின்னோக்கி 'படார்' என்றால் அந்த ஸ்பாஞ்ச் திரியாகிவிடும். சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவிட்டு, ஃபில்டர் ஆயில் தடவிப் போட வேண்டும். அவசரம் என்றால் அன்றைக்கு ஓட்டாதீர்கள்.

இதுவரை சொன்னது பெட்ரோல். ஆனால் நான் நேரில் பார்த்த தீ பெட்ரோலால் வந்ததல்ல. கணியம்பாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டம். மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கி, கொடியைக் காயப் போட்டிருந்த சமயம். வீட்டுப் பையன் குவாட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கொடி மேலேயே நாலு சுற்று சுற்றிவிட்டு வேப்பமரத்தடியில் நிறுத்தினான். நான் வேறு ஒரு வண்டிக்காகப் போயிருந்தேன். ஐந்து நிமிடம் கழித்து அவனே வந்து, "இன்னாண்ணே, மல்லாட்டை வறுக்கிற மாரி வாசனை வந்துக்கினு கீது" என்றான். வண்டிக்கு அடியில் மெல்லிசாகப் புகை. அடித்தட்டில் நாலு போல்ட். மூன்றைக் கழற்றி நாலாவதைத் தளர்த்தியதும் தட்டு ஒரு பக்கம் தொங்கியது. உள்ளே இரண்டு கைப்பிடி அளவுக்குக் கொடியும் சருகும் ஆயிலில் ஊறி, பாய் போல அழுந்தி, கறுத்துப் போயிருந்தது. காற்று பட்டதும் அதன் ஓரம் முழுக்கச் சிவந்தது, அடுத்த நொடி சுடர். தொட்டியிலிருந்த தண்ணீரை வாளியோடு ஊற்றி அணைத்தோம். டேங்குக்கும் அதற்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. தப்பு என்னுடையதும்தான். கழற்றுவதற்கு முன்பே தண்ணீர் விட்டு நனைத்திருக்க வேண்டும். மூடியிருந்தவரை காற்றில்லாமல் கனன்றுகொண்டிருந்ததை நானே திறந்து ஊதிவிட்டேன்.

வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது பற்றாமல், நிறுத்திய பிறகு ஏன் புகைந்தது? ஓடும்போது காற்று அடித்துச் சூட்டைக் கொண்டுபோகிறது. நிறுத்தியதும் அந்தக் காற்று நின்றுவிடுகிறது, என்ஜினுக்குள் இருக்கும் சூடு மெல்ல வெளியே வந்து, ஒளிந்திருக்கும் குப்பையை வேகவைக்கிறது. சிலிண்டரிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்ட் பைப் மேடேறி வந்த வண்டியில் 400 டிகிரியையும் தாண்டும். காய்ந்த புல் கருகிப் பற்ற முந்நூறை ஒட்டிய சூடே போதும். அதனால் நிறுத்தியவுடன் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், கொட்டகைக்குள் ஏற்றாதீர்கள், காய்ந்த புல் மேல் நிறுத்தாதீர்கள். கல்தரையிலோ வெறும் மண்ணிலோ அரை மணி நேரம் நிற்கட்டும். அந்த அரை மணியில் முதல் பத்து நிமிடம் யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

குப்பையை எடுப்பதற்குத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவினால் போதாது. புல்லோடு சேறும் சேர்ந்திருந்தால் மேல்மண் கரைந்து, உள்ளே இருப்பது இன்னும் இறுகும். வாரத்துக்கு ஒரு நாள், அறுவடை நாட்களில் ஒவ்வொரு மாலையும், ஆறிய வண்டியில் டார்ச் அடித்து, கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி இழுங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் பெண்ட் பைப்புக்கும் ஃபிரேமுக்கும் நடுவில், சைலன்சருக்கும் அதன் வெப்பத் தகட்டுக்கும் இடையில், அடித்தட்டின் முன்மூலை, பெல்ட் வண்டியாக இருந்தால் பெல்ட் மூடியின் காற்று வழி. மழைக்காலம் முழுக்கச் சும்மா நின்ற வண்டி என்றால் எலியையும் அணிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீட்டைத் தூக்கினால் தேங்காய் நாரில் கூடு இருக்கும், ஒயரும் கொறிக்கப்பட்டிருக்கும். பட்டறைக்கு வந்த ஒரு வண்டியில் குஞ்சுகளே இருந்தன. அவற்றை இடம் மாற்றிவிட்டுத்தான் ஸ்பானரைத் தொட்டேன்.

சைலன்சர் முனையில் வலை மாதிரி ஒன்று வரும், ஸ்பார்க் அரெஸ்டர் என்பார்கள். எரிந்த கரித்துகள் கனலோடு வெளியே பறக்காமல் தடுப்பது அதன் வேலை. அமெரிக்கக் காடுகளில் அது இல்லாத வண்டியை உள்ளே விடமாட்டார்கள். இங்கே சத்தம் கூட வேண்டும் என்று கழற்றித் தூக்கிப்போடுகிறார்கள். மாசி முதல் வைகாசி வரை நம் மலைச்சரிவுகள் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஜவ்வாது மலையடிவாரத்தில், அமிர்தி பக்கத்தில் எங்கு பார்த்தாலும் மஞ்சள் புல். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டி ஓட்டுவதே 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம், தீயும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். விருந்தினரிடம் இதைச் சொல்லி, ஓட்டும் பாதையை உங்கள் வரப்புக்குள்ளேயே வையுங்கள். அந்தப் பாதையில் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக்கிவிடுங்கள்.

ஒயரிங்கில் நான் பார்ப்பது மூன்றே விஷயம். ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, எந்த ஒயர் ஃபிரேமில் உரசுகிறது என்று பார்ப்பேன். பேட்டரி டெர்மினலைக் கையால் ஆட்டுவேன், ஆடக் கூடாது. பிறகு பியூஸ். பழைய வண்டிகளில் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் தாமிர நூல் சுற்றியிருப்பது சகஜம். கூடவே முன்னால் எல்இடி லைட் பார் ஒன்று. 120 வாட் லைட் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தனி பியூஸ், தனி ரிலே இல்லாமல் ஹெட்லைட் ஒயரிலேயே ஒட்டுப் போட்டிருந்தால், இன்சுலேஷன் டேப்பைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே உருகிய தடம் தெரியும். விஞ்ச் (கேபிளைச் சுருட்டிப் பாரம் இழுக்கும் மோட்டார்) மாட்டியிருந்தால் அது இழுக்கும்போது நூறு ஆம்பியருக்கு மேல் போகும், அதன் கேபிள் தடிமனில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

சில விஷயங்களைச் சந்தேகத்தோடுதான் சொல்ல முடியும். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடிய சக்கரமும், வழுக்கும் பெல்ட்டும் வாடையைக் கிளப்பும். அது தீயில் முடியுமா, வெறும் தேய்மானத்தில் முடியுமா என்று வாடையை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஓட்டி வந்ததும் நாலு சக்கரத்தின் நடுவிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். ஒன்று மட்டும் 'சுர்' என்றால் அதில் பிரேக் ஒட்டியிருக்கிறது. துப்பாக்கி மாதிரி இருக்கும் லேசர் தெர்மாமீட்டரைப் பலர் வாங்கி வைத்திருக்கிறார்கள். பளபளக்கும் ஸ்டீல் பைப்பில் அது உண்மையைவிடக் குறைத்தே காட்டும். அது 150 என்று காட்டுவதை நம்பிக் கையை வைக்காதீர்கள்.

நாம் எவ்வளவு பார்த்தாலும் கம்பெனியின் வடிவமைப்பிலேயே கோளாறு இருந்தால் பட்டறையில் அகப்படாது என்பதையும் சொல்ல வேண்டும். 2016 ஏப்ரலில் அமெரிக்காவில் போலாரிஸ் என்ற கம்பெனி தன் ஆர்இசட்ஆர் வண்டிகளில் சுமார் 1,33,000ஐத் தீ அபாயத்துக்காகத் திரும்ப அழைத்தது. அதற்குள் 160க்கும் மேற்பட்ட தீ சம்பவங்கள் பதிவாகியிருந்தன. கவிழ்ந்து எரிந்த ஒன்றில் 15 வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள். 2018இல் அந்தக் கம்பெனி 2.725 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. அவை பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் ரகம், உங்களுடையதைப் போலக் குதிரைச் சவாரி ரகம் அல்ல. ஆனாலும் பெயர் பெற்ற கம்பெனி வண்டி என்றால் சேசிஸ் நம்பரைச் சொல்லி, திரும்ப அழைக்கப்பட்டதா என்று டீலரிடம் கேட்கலாம். பெயரில்லாத இறக்குமதி வண்டிக்கு அப்படி அழைக்க ஆளே கிடையாது. ரோட்டுக்கான பதிவும் இல்லாததால் எஃப்சி காட்ட வேண்டிய நாளும் அதற்கு வராது. லாரிக்காரருக்குக்கூட ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு நாள் யாரோ ஒருவர் குனிந்து பார்க்கிறார். உங்கள் வண்டிக்குக் குனிய நீங்கள் ஒருவர்தான்.

தீயணைப்பான் போதுமா என்றீர்கள். வேண்டும், ஆனால் அது கடைசி வரிசையில் நிற்பது. ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஏபிசி பவுடர் வாங்குங்கள். வண்டியில் மாட்டும் ஒரு கிலோ உருளை பத்து விநாடி பீய்ச்சினால் தீர்ந்துவிடும். அதனால் சுற்றுப்பாதையின் இரண்டு இடத்தில் கம்பம் நட்டு ஆறு கிலோ ஒன்று ஒன்றாக வையுங்கள், கூடவே வாளியில் மணல். வண்டியோடு குலுங்கிக்கொண்டே இருந்தால் பவுடர் அடியில் இறுகிவிடும், மாதம் ஒரு முறை தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்க வேண்டும். முள் பச்சையில் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெட்ரோல் தீக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள், பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்து தீயைக் கூட்டிக்கொண்டு பரவும். புல்லில் பிடித்ததற்குத் தண்ணீரும் பச்சைத் தழையும் நல்லது.

வண்டி எரிகிறது என்றால் முதல் வேலை இறங்கி ஓடுவது. டேங்க் தொடைகளுக்கு நடுவில் இருக்கிறது என்பதை ஓட்டுபவர் மறந்துவிடுவார். சீட் ஸ்பாஞ்சும் பிளாஸ்டிக் பாடியும் மளமளவென்று எரியும், அந்தப் புகை நெஞ்சை அடைக்கும். கில் சுவிட்சைத் தட்டி, இறங்கி, விலகி நின்று 101ஐயோ 112ஐயோ அழைத்துவிட்டுத்தான் உருளையைத் தொட வேண்டும், அதுவும் தீ சின்னதாக இருந்தால் மட்டும். கவிழ்ந்த வண்டியை நிமிர்த்தியதும் செல்ஃபை அமுக்குவது இன்னொரு கெட்ட பழக்கம். டேப்பை மூடி, வாடை முழுக்கப் போகும்வரை தொடாதீர்கள். விருந்தினரின் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 250 சிசி வண்டி பதினாறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கானது அல்ல, தீ வந்தாலும் வராவிட்டாலும்.

வாடைக்கு இன்றிரவே ஒரு சோதனை செய்யுங்கள். வெளியே, வீட்டிலிருந்தும் வைக்கோல் போரிலிருந்தும் தள்ளி, சமதரையில் நிறுத்தி, இரண்டு வண்டியின் டேப்பையும் மூடுங்கள். அடியில் பிரித்த அட்டைப்பெட்டி ஒன்றை விரித்து, முன் சக்கரம் எங்கே நின்றது என்று பேனாவால் கோடு போட்டுவையுங்கள். காலையில் பெட்ரோல் ஆவியாகிப் போயிருந்தாலும் ஓரம் கட்டிய கறை அட்டையில் நிற்கும். கறை இருந்தால் அதற்கு நேர் மேலே பார்த்தாலே குழாயா, டேப்பா என்று தெரியும். கறை இல்லையென்றால் மறுநாள் இரவு டேப்பைத் திறந்து வைத்து இதையே செய்யுங்கள். இப்போது விழுந்தால் ஃப்ளோட் நீடிலோ, டேப்புக்குக் கீழே இருக்கும் குழாயோ. இரண்டு இரவும் அட்டை சுத்தமாக இருந்து வாடை மட்டும் அடித்தால் டேங்க் மூடியின் ரப்பரையும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் ஆயில் ஸ்டிக்கையும் பாருங்கள். அட்டையின் போட்டோவைக் கீழே போட்டால் நான் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை இந்த சனிக்கிழமை வருகிறவர்களை மாட்டு வண்டியில் சுற்றிக் காட்டுங்கள்.